மார்கழி, தை மாதத்துக்குச் சிக்கன அடுப்பும் மொட்டைமாடித் தோட்டமும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் எது ஒத்துவரும்?

#1 – புதுப்பாளையம் மாடி

வணக்கம். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி பிறக்கும் வரை கேஸ் செலவையும் காய்கறிச் செலவையும் குறைக்க ஒரு திட்டம் போடுகிறேன். குளிர்காலத் தோட்டம் என்று தேடினால் உறைபனிக்கும் கண்ணாடிக் கூடத்துக்கும்தான் யோசனை கிடைக்கிறது. நம்ம கரையில் ராத்திரி வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேதான் நிற்கும். நமக்குத் தொல்லை ஈரம், மேகமூட்டம், உப்புக்காற்று. அதற்கேற்ற யோசனைதான் வேண்டும்.

விவரம்: கடலூர் புதுப்பாளையம், வாடகை வீடு, 4 பேர். மாடியில் 300 சதுர அடி புழங்கலாம், காலை 8 முதல் மதியம் 3 வரை வெயில். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். சமையலுக்கு கேன் தண்ணீர்.

கேள்விகள் மூன்று. போர் தண்ணீரில் துவரம் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. கேன் வாங்காமல் என்ன வழி? இட்லி மாவு மார்கழியில் பொங்குவதில்லை; சோடா உப்பு போடாமல் என்ன செய்யலாம்? இப்போது விதைத்தால் தை, மாசியில் பறிக்கக்கூடியது எது?

#2 – உப்புக்காத்து, கடலூர் ஓ.டி.

முதல்ல தண்ணி. டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதுல சோடியமும் சேரும், கால்சியம், மெக்னீசியமும் சேரும். பருப்பைக் கெடுக்கிறது பின்னாடி சொன்ன ரெண்டும். பருப்போட செல் சுவர்ல இருக்கிற பெக்டின்கிற பசையை அதுங்க இறுக்கிப் பிடிச்சிடும், எத்தனை விசில் விட்டாலும் முழிச்சிக்கிட்டே இருக்கும். சோதிக்க ஒரு வழி: ஒரே அளவு ரெண்டு பாட்டில், ஒண்ணுல மழைத்தண்ணி, ஒண்ணுல போர் தண்ணி, ரெண்டுலயும் ஒரு சிட்டிகை துணிசோப்புத் துருவல் போட்டு நல்லா குலுக்குங்க. போர் தண்ணியில நுரை நிக்காம தயிர் திரிஞ்ச மாதிரி வந்தா அது கடின நீர்.

கேனுக்குப் பதில் மழைத்தண்ணி. கணக்கு லேசு: 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். உங்க 300 சதுர அடி ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டர் மழைக்கு 280 லிட்டர், சிந்தறது, ஆவியாகறது போக 220 கைக்கு வரும். 200 லிட்டர் டிரம் ஒண்ணு ஒரே மழையில நிரம்பிடும். பருப்பு, சோறு, குழம்பு, மாவு அரைக்க ஒரு நாளைக்கு 5 லிட்டர் போதும் (அரிசி கழுவறதை போர் தண்ணியிலேயே முடிச்சிக்கலாம், கடைசி அலசல் மட்டும் இதுல). ஒரு டிரம் 40 நாள். ரெண்டு டிரம் இருந்தா மார்கழி, தை ரெண்டும் ஓடிடும். வடகிழக்குப் பருவமழை மார்கழி பாதியோட ஓஞ்சிடும், தையில மழையை நம்பக்கூடாது. அதனால கார்த்திகை அடைமழையிலேயே நிரப்பி மூடிடணும்.

குழாய் வேலை: 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினதுலேருந்து தமிழ்நாட்டுல பல வீட்டுல மாடித்தண்ணி இறங்கற குழாய் இருக்கு. அதுல இடுப்பு உயரத்துல ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போடுங்க. டீயிலேருந்து நேர் கீழே 4 அங்குல பிவிசி குழாய் 5 அடி நீளம் தொங்கணும், அடியில திருகு மூடி. முதல்ல வர்ற அழுக்குத்தண்ணி ஏறக்குறைய 13 லிட்டர் அதுல அடைஞ்சிடும், அது நிரம்பின பிறகுதான் டிரம்முக்குப் போகும். இடுப்பு உயரத்துல 5 அடி தொங்க இடமில்லைன்னா ஒரு எல்போ (வளைவு இணைப்பு) வச்சி சுவரோரமா சரிவாப் படுக்க வைங்க. மழை விட்டதும் மூடியைத் திறந்து வடிச்சிடணும். வடிக்காம விட்டா அடுத்த மழைக்கு அழுக்கு நேரா டிரம்முக்குப் போகும், பெரும்பாலும் இதுதான் கெடுக்கும்.

கடல்லேருந்து ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்க, நாலஞ்சு நாள் மழையில்லாம காத்தடிச்சிருந்தா மாடியில உப்புப் படிஞ்சிருக்கும். அப்ப 15 நிமிஷ மழையை முழுசா வெளியே விடுங்க.

டிரம்: உணவுப்பொருள் வந்த நீல டிரம் மட்டும். ஆசிட், ரசாயனம் வந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். நிரம்பினா 200 கிலோவுக்கு மேல, அதனால தரையில செங்கல் அடுக்கி வைங்க, சன்ஷேடு மேல ஏத்தாதீங்க. வாயில பழைய வெள்ளை வேட்டியை ரெண்டு மடிப்பா இழுத்துக் கட்டி அதுக்கு மேல மூடி. டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். குடிக்கறதா இருந்தா கொதிக்க வச்சுதான்.

#3 – புதுப்பாளையம் மாடி

கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி அண்ணா. மாடியில் வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிடிக்கலாமா?

#4 – உப்புக்காத்து, கடலூர் ஓ.டி.

அந்தத் தண்ணியை சமையலுக்குப் பிடிக்காதீங்க. பெயிண்ட் உரிஞ்சி மாவா வந்தா இன்னும் மோசம். மாடிப்படி மேல தலைப்பறை இருந்தா அதோட கூரையை மட்டும் தனிக் குழாயில பிரிச்சி எடுங்க. 80 சதுர அடி இருந்தாக்கூட 1 சென்டிமீட்டருக்கு 60 லிட்டர் வரும். கார்த்திகையில நமக்கு விழற மழைக்கு டிரம் தாராளமா நிரம்பும். பெயிண்ட் அடிச்ச மாடித்தண்ணி செடிக்குப் போகட்டும்.

#5 – லாஸ்பேட்டை அடுப்படி

தண்ணீர் மாறினாலே பருப்புக்கு ஆகும் கேஸ் குறையும். மீதிக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி. பாத்திரத்தைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, சூடு வெளியேறாமல் சுற்றி வைத்தால் அதுவே வேகும்.

பெட்டிக்கு: பெரிய பனையோலைக் கூடை அல்லது தடித்த அட்டைப்பெட்டி, அடியிலும் சுற்றிலும் 4 அங்குலத்துக்கு வைக்கோல் அல்லது பழைய பஞ்சு, மேலே மூட ஒரு பஞ்சுத் தலையணை. பாத்திரத்துக்கும் திணிப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது, சூடு அந்த வழியாகத்தான் தப்பிக்கும்.

நேரம்: துவரம் பருப்பு 1 கப்புக்கு 3 கப் மழைநீர், 1 மணி நேரம் ஊறவிட்டு, 10 நிமிடம் கொதித்ததும் பெட்டியில் 2 மணி நேரம். புழுங்கலரிசி கொதி வந்து 8 நிமிடம், பெட்டியில் 1 மணி நேரம். தண்ணீர் வழக்கத்தைவிடக் கால் கப் குறைவாக, ஏனென்றால் ஆவியே போகாது. கொண்டைக்கடலை 8 மணி நேரம் ஊறி, 20 நிமிடம் கொதித்து, பெட்டியில் 4 மணி நேரம். காய்ந்த மொச்சையும் ராஜ்மாவும் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். அவற்றில் இருக்கும் நச்சுப் புரதம் மெல்லிய சூட்டில் அழியாது. ஊறிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

தவறுவது எங்கே: பாத்திரம் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பருப்பைப் பெரிய சட்டியில் வைத்தால் அரை மணியில் ஆறிவிடும். நடுவில் திறந்து பார்த்தாலும் போச்சு. புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். எடுக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே ஒரு கொதி விடுங்கள், அப்படியே விட்டால் சோறு சீக்கிரம் கெடும். ராத்திரி வைத்துக் காலையில் எடுக்கும் வேலை இதற்கு ஆகாது.

#6 – கல்லுரல், முத்தியால்பேட்டை

துவரம் பருப்புக்குக் குக்கரே மேல், அக்கா. ஊறின பருப்புன்னா முதல் விசில் வரைக்கும் 7, 8 நிமிஷம், சிம்மில 5 நிமிஷம், அணைச்சா தானா அடங்கும். பெட்டிக்கும் 10 நிமிஷக் கொதி வேணுமே, அதுக்கு முன்னாடி கொதி வர ஆகிற நேரம் வேற. கொண்டைக்கடலை, மொச்சை, புழுங்கலரிசிச் சோறு, இதுக்குப் பெட்டி நல்ல லாபம். பெரிய பர்னர் மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் கேஸ் குடிக்கும். ஒரு நாளைக்கு அரை மணி மிச்சம் பிடிச்சாக்கூட மாசத்துக்கு 2 கிலோவுக்கு மேல. 14.2 கிலோ சிலிண்டர்ல அது நல்ல பங்கு.

இன்னொண்ணு, இட்லிப் பானையை வீணாக்காதீங்க. தையில சர்க்கரைவள்ளி மலிவு. இட்லித் தட்டுக்குக் கீழே தண்ணியில நாலு கிழங்கை வச்சா இட்லி வேகறதுக்குள்ள பாதி வெந்திருக்கும். இட்லியை எடுத்துட்டு மூடி போட்டு அணைச்சி வைங்க, மிச்சமும் வெந்துடும். கிழங்கு நடுத்தரத் தடிமனா இருக்கணும், பெருசை ரெண்டா நறுக்கிடுங்க.

#7 – லாஸ்பேட்டை அடுப்படி

பருப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், குக்கரில் நேரம் குறைவு. குக்கர் விசில் இல்லாமல் வேக வைக்க விரும்புகிறவர்களுக்குத்தான் பெட்டி. மொச்சைக்கு ஒரு சேர்க்கை: 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊறவைத்து, வடித்து, புதுத் தண்ணீரில் வேகவிட்டால் தோல் மெத்தென்று வரும். சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடா உப்பாலும் வேகும், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துவிடும், சவக்காரச் சுவையும் வரும்.

#8 – புதுப்பாளையம் மாடி

துறைமுகத்தில் மீன் வரும் தெர்மகோல் பெட்டி சும்மாவே கிடைக்கிறது. அதைப் பெட்டியாக வைக்கலாமா?

#9 – லாஸ்பேட்டை அடுப்படி

வைக்கலாம், ஆனால் கொதித்த பாத்திரம் நேராகப் படக்கூடாது. தெர்மகோல் கொதிநிலைக்குக் கிட்டத்தில் இளகிப் பள்ளம் விழும். பாத்திரத்தைத் தடித்த பருத்திப் போர்வையில் நாலு சுற்றுச் சுற்றி, அடியில் மரப்பலகை வைத்து இறக்குங்கள். மீன் வாடைக்கு எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் நல்ல வெயில். வாடை போகாத பெட்டியில் மாவைப் புளிக்க வைக்காதீர்கள், மாவு வாடையை இழுத்துக்கொள்ளும்.

#10 – கல்லுரல், முத்தியால்பேட்டை

மாவுக்கு வரேன். புளிக்கறதுக்கு 28லேருந்து 32 டிகிரி சுகம். மார்கழி ராத்திரி 21, 22ல கோடையில 8 மணி நேரத்துல பொங்கற மாவுக்கு 13, 14 மணி நேரம் ஆகும். அதனால ராத்திரி 9 மணிக்கு அரைக்கிற பழக்கத்தை இந்த ரெண்டு மாசம் விட்டுடுங்க. மதியம் 3 மணிக்கு அரைச்சா சாயங்கால வெப்பத்திலேயே பிடிச்சிக்கும்.

இட்லியரிசி 4, முழு உளுந்து 1, வெந்தயம் 1 தேக்கரண்டி. உளுந்து 3 மணி நேரத்துக்கு மேல ஊறக்கூடாது. ஃபிரிட்ஜ்ல வச்ச தண்ணி வேண்டாம், கை பொறுக்கிற வெதுவெதுப்புத் தண்ணி தெளிச்சி அரைங்க. கோடையில கிரைண்டர் சூட்டுக்காக ஐஸ் தண்ணி விடறது வேற கதை. உளுந்தை 25, 30 நிமிஷம் விட்டு ஆட்டணும், அந்த மாவுல ஒரு துளியை எடுத்துத் தண்ணியில போட்டா மிதக்கணும். காத்து ஏறாத உளுந்துக்குப் புளிப்பு வந்தாலும் உப்பல் வராது.

கல்லுப்பு முதல்லயே பாதி, மீதி காலையில. உப்பு நிறைய இருந்தா குளிர்ல புளிப்பு இன்னும் தாமதம். பழைய மாவு ஒரு கரண்டி, கையால ரெண்டு நிமிஷம் கலக்கணும். குளோரின் வாசம் அடிக்கிற தண்ணியைத் தவிருங்க, புளிக்க வைக்கிற கிருமியை அது அடக்கும். இங்கதான் மழைத்தண்ணி திரும்பவும் உதவும்.

அக்கா சொன்ன கூடையிலேயே மாவுப் பாத்திரத்தை வைங்க. பக்கத்துல ஒரு செம்புல கொதி அடங்கின வெந்நீர், மூடி போட்டு. பாத்திரம் பாதிதான் நிரம்பணும். ராத்திரி படுக்கப்போறப்ப செம்பு வெந்நீரை ஒரு தடவை மாத்தினா விடியறதுக்குள்ள பொங்கிடும். மாவு மேல சூடு நேரா பட்டா ஓரம் வெந்து கட்டியாகும், செம்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல ஒரு துண்டு மடிச்சி வைங்க.

#11 – மண்வெட்டி, பாகூர்

தோட்டக் கேள்விக்கு யாரும் வரலை, நான் எடுத்துக்கிறேன்.

உங்க போர் தண்ணி 1,400ன்னா எதை நடறதுன்னு அதுவே முடிவு பண்ணிடும். பீட்ரூட், பாலக், கொத்தவரை உப்பைத் தாங்கும். தக்காளி, கத்தரி நடுத்தரம். பீன்ஸ், முள்ளங்கி, கேரட், வெங்காயம் தாங்காது, இலை ஓரம் கருகும், முள்ளங்கி காரமேறி நார் விழும். தாங்காததுக்கு மாடியில வடியற மழைத்தண்ணியைச் சேர்த்து வச்சி ஊத்துங்க, தாங்கறதுக்கு போர் தண்ணி. அதையும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காம, பையடியில வடியற வரைக்கும் வாரம் ஒருதரமாவது நிறைய ஊத்தணும். இல்லைன்னா உப்பு வேரடியிலேயே தங்கிடும். பை மேல வெள்ளைப் பொருக்கு தெரிஞ்சா அதுதான்.

மண்: செம்மண் 1, மக்கின உரம் 1, தென்னைநார்க் கழிவு 1. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் நல்லா இருக்கும், கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவச்சி மூணு தண்ணி மாத்திப் பிழியுங்க, அதுலயும் உப்பு இருக்கும். கீரை, முள்ளங்கிக்கு 12 அங்குலப் பை, தக்காளிக்கு 15. அடியில 5 துளை, ரெண்டு செங்கல் மேல ஏத்தி வைங்க. தரையோட ஒட்டினா துளை அடைஞ்சி வேர் அழுகும், கார்த்திகையில செடி சாகறது பெரும்பாலும் இப்படித்தான். ஈரப்பை கனக்கும், அதனால மாடி நடுவுல குவிக்காம சுவரோரமா வரிசையா.

இப்ப என்ன விதைக்கலாம். தக்காளிக்கு இதைவிட நல்ல காலம் நம்ம ஊர்ல கிடையாது. ராத்திரி 20, 22 டிகிரியில பிஞ்சு நிக்கும், சித்திரையில பூ கொட்டறது ராத்திரி வெக்கையாலதான். 25 நாள் நாத்தா வாங்கி கார்த்திகைக்குள்ள நட்டா தைக் கடைசியில பழம். கத்தரிக்கு பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் கிட்டத்துலயே இருக்கு, பாலூர் 1, பாலூர் 2 அவங்க வெளியிட்ட ரகம்.

பந்தல் அவரை இப்ப போடாதீங்க. பகல் சுருங்கினாதான் பூக்கிற ஜாதி அது. ஆடி, ஆவணியில போட்டுப் படர்ந்த கொடிதான் மார்கழியில காய்க்கும். இப்ப விதைச்சா கொடி ஏறறதுக்குள்ளயே பூத்து நாலு காயோட நிக்கும். அதுக்குப் பதில் குத்து அவரை, 60, 65 நாள்ல பறிக்கலாம்.

கொத்தமல்லிக்கு விதையைப் பலகையில தேய்ச்சி ரெண்டா உடைச்சி ராத்திரி ஊறவைங்க, 8லேருந்து 12 நாள்ல முளைக்கும். முழுசா போட்டுட்டு முளைக்கலைன்னு சொல்றவங்க நிறைய. வெந்தயக்கீரைக்கு மளிகைக்கடை வெந்தயமே போதும், 25 நாள்ல அறுவடை. அரைக்கீரை, சிறுகீரை மேகமூட்டத்துல மெதுவாத்தான் வரும், பாலக் நல்லா வரும். முள்ளங்கி 45 நாள், 4 அங்குலத்துக்கு ஒண்ணுன்னு கலைச்சி விடணும். கலைச்ச கன்னையும் முத்தாத இலையையும் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் பண்ணலாம்.

நாத்தழுகல் இந்த ஈரத்துல கட்டாயம் வரும். விதைக்கறதுக்கு முன்னாடி கிலோ விதைக்கு 4 கிராம் கணக்குல டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலை அடக்கற நல்ல பூஞ்சைத் தூள்) கலக்கணும். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை, வடிச்ச கஞ்சியில குழைச்சி விதையைப் புரட்டி நிழல்ல உலர்த்திடுங்க.

குச்சி, பந்தல் விஷயம்: தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. அதனால மார்கழி பாதி தாண்டற வரைக்கும் மாடியில உயரமா எதையும் நிரந்தரமா கட்டாதீங்க. தக்காளிக்கு 3 அடிக் குச்சி போதும். எச்சரிக்கை வந்தா பையெல்லாம் கைப்பிடிச்சுவர் மூலையில நெருக்கி அடுக்கி ஒரே கயித்துல கட்டுங்க. அதுக்கு முன்னாடி மாடி வடிகால் ஓட்டையில இலை, சருகு அடைச்சிருக்கான்னு பாருங்க, தண்ணி தேங்கினா செடியோட போகாது, கூரையே ஒழுகும்.

#12 – புதுப்பாளையம் மாடி

குத்து அவரைக்கு மாறிக்கொள்கிறேன். அசுவினிப் பூச்சிக்கும் உரத்துக்கும் காசு செலவில்லாமல் என்ன செய்வது?

#13 – மண்வெட்டி, பாகூர்

மேகமூட்டம் ரெண்டு மூணு நாள் நின்னா அசுவினி நுனியில மொய்க்கும். முதல் வேலை, தண்ணியை வேகமா பீய்ச்சி அடிச்சி உதிர்க்கறது. அதுக்கும் அடங்கலைன்னா 1 லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் போட்டு பால் மாதிரி கலங்கினதும் சாயங்காலம் இலைக்கு அடிப்பக்கம் அடிங்க. சோப்பு பத்தாம எண்ணெய் தனியா மிதந்தா இலை கருகும். எறும்பு ஏறுதான்னும் பாருங்க, அசுவினியைக் காவல் காக்கறதே அதுங்கதான்.

உரத்துக்கு மீன் அமிலம். மீன் கழிவு 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, வாய் அகலமான பிளாஸ்டிக் ஜாடி, மூடியை இறுக்கக்கூடாது, வாயு முட்டும். நிழல்ல 21 நாளுக்கு மேல. நாத்தம் போய் பழ வாசம் வந்தா தயார். அழுகல் நாத்தம் அடிச்சா வெல்லம் குறைவு, இன்னும் கால் கிலோ போட்டுக் கிளறுங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, 15 நாளுக்கு ஒருதரம் வேருக்கு. பூனை வராத இடமா வைங்க. நறுக்கின காய்த்தோலுக்கு மேல காய்ஞ்ச இலையோ நார்க்கழிவோ அதே அளவு போட்டு மூடினா மக்கு உரம் நாறாது. பொங்கலுக்குக் கடிச்ச கரும்புச் சக்கையைப் பை மேல மூடாக்காப் போடலாம், ஆனா முதல்ல ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவிட்டு இனிப்பு போகணும், இல்லைன்னா எறும்புப் படையே வரும்.

#14 – லாஸ்பேட்டை அடுப்படி

ஈரக்காலத்தில் வாங்கிவைத்த பண்டம் கெடுவதுதான் பெரிய நஷ்டம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். துவரம் பருப்பையும் ரவையையும் வாங்கிய அன்றே வெறும் வாணலியில் மிதமான சூட்டில் 4 நிமிடம் வறுத்து, முழுதாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூடாக மூடினால் மூடியில் நீர் கோத்து அதுவே பூஞ்சணத்துக்கு வழி. மிளகாயை ஒரு மாதத்துக்கு மட்டும் அரையுங்கள். நெத்திலிக் கருவாடும் சென்னாக்குன்னியும் (காய்ந்த பொடி இறால்) வாங்கினால் நல்ல வெயிலில் மறுபடி காயவைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைக்க வேண்டும். கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கூழ் வற்றலும் வடகமும் மாசிக்கு முன் வேண்டாம். காலைப் பனி இறங்கிக் காய்ந்தது திரும்ப ஊறும், உள்ளே புளித்துவிடும். இந்த மாதங்களில் உப்பில் ஊறுவதைச் செய்யுங்கள். நெல்லிக்காய் இப்போது மலிவு: 1 கிலோ காய்க்கு 1 லிட்டர் மழைநீர், 100 கிராம் கல்லுப்பு, கொதித்து ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். காய் மூழ்கியே இருக்க மேலே ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்த்து வையுங்கள். மிதக்கும் காயில்தான் வெள்ளைப் படலம் கட்டும். ஈரக்கரண்டி போகக்கூடாது.

#15 – உப்புக்காத்து, கடலூர் ஓ.டி.

அக்கா, நார்த்தங்காய்க்கும் இதே அளவா?

#16 – லாஸ்பேட்டை அடுப்படி

அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு, சுருள் சுருளாக அறுத்து உள்ளே அடைத்துப் பீங்கான் ஜாடியில் வையுங்கள். தினமும் ஒருதரம் ஜாடியைக் குலுக்கினால் காயே நீர் விடும். வெயில் வலுக்கும் தைக் கடைசி வரை அந்த நீரிலேயே கிடக்கட்டும். பிறகு பகலில் தட்டில் காயவைத்து, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் திரும்ப ஜாடி நீரிலேயே போட்டுவிடுங்கள். நீர் முழுதும் வற்றியதும் தனியாக இரண்டு நாள் காய்ந்தால் போதும்.